இரண்டு காலும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே

ஒன்பதாம் சீட்டுப் பெண் ஒரு நாளைக்கு இருபது தடவை எழுந்து போகிறாள் என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். யாரோ சொல்லி நான் கேட்டேன் என்று இப்போது மாற்றிச் சொல்லப் போவதில்லை. என் வாயால் சொன்னேன். கோபத்தில் சொன்னேன். எண்ணாமல் சொன்னேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. கார் பானட்டைத் திறந்தால் கறுப்பு டேப் சுற்றிய வயர்கள் கொத்தாக ஓடுமே, அதுதான். ஒரு லைனுக்குப் பதினான்கு பெண்கள். அவர்களுக்கு மேலே நான், லைன் லீடர். மேலே என்றால் பெரிய உயரமெல்லாம் இல்லை. அவர்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள், நான் நின்றுகொண்டு கத்துவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே பெயரில் மூன்று பேர் திரும்புவார்கள். அதனால் எல்லாருக்கும் சீட்டு நம்பர்தான். ஒவ்வொரு சீட்டைச் சுற்றியும் தரையில் மஞ்சள் பெயின்டில் சதுரமாகக் கோடு போட்டிருக்கும். உன் வேலை இந்தக் கட்டத்துக்குள்ளே என்று அர்த்தம்.

வேலை சின்னதுதான். வயரின் முனையில் ஒரு பித்தளைத் தலையை மெஷின் கடித்துப் பொருத்தியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் கனெக்டரின் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கொசு இறக்கை அளவு சத்தம். அதைக் கேட்டபிறகு வயரை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லா சீட்டுக்கும் மேலே போர்டு தொங்குகிறது: தள்ளு, கேள், இழு. பாதி உட்கார்ந்த வயரும் டெஸ்டில் விளக்கை எரியவைத்துப் பாஸாகிவிடும். இழுத்தாலும் சில சமயம் வராது. வண்டி ஆறு மாசம் மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கிய பிறகுதான் கழன்று வரும். அப்போது யாரோ ஒருத்தன் பைபாஸ் நடுவில் விளக்கு இல்லாமல் நிற்பான்.

ஒன்பதாம் சீட்டுக்கு இருபத்து நாலு வயது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கம்பெனி வேனில் வருவாள். கான்ட்ராக்ட் ஆள். வீட்டில் ஒரு குழந்தை, ஒரு அம்மா. நிலையான வேலை என்று அந்த வீட்டில் இருந்தது அவளுடையது மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பதின்மூன்று பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்யும்போது இவள் மட்டும் பொசுக்கென்று எழுந்து, ஸ்டோர் வாசலில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய் மறைவாள். இரண்டு நிமிஷம் கழித்து வந்து உட்காருவாள். கேட்டால், "ஒன்னும் இல்லக்கா" என்பாள். போன் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டோர்காரனோடு பேச்சு என்றும் நினைத்தேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

மேனேஜர் கேட்டுக்கொண்டார். "அடுத்த வாரம் சனிக்கிழமை கான்ட்ராக்ட் லிஸ்ட் போகணும். யாரை வச்சிக்கிறது, யாரைத் திருப்பி அனுப்புறதுன்னு முடிவு பண்ணணும். நீங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. டெஸ்ட் போர்டுல இருக்கிற அம்மாவையும் ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க. போதும்."

இருபது தடவை என்று ஒரு வரி எழுதினால் ஒருத்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அவ்வளவு சுலபம்.

டெஸ்ட் போர்டுக்காரி எங்கள் லைனின் கடைசியில், எல்லாரையும் பார்த்தபடி நின்று வேலை செய்கிறவள். முடிந்த வயர் கட்டை அவள் போர்டில் மாட்டி, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்த்து, சீல் வைத்தால்தான் பெட்டிக்குள் போகும். முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அதனால் எங்களைப் போல 'இன்னா' என்று பேச மாட்டாள். நான் திருவேற்காடு. என் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. என் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பேப்பரை அவளிடம் நீட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இருபதுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணினீங்களாக்கா?"

"எண்ணணுமா? எனக்குக் கண்ணு இல்ல?"

"எனக்கும்தான் இருக்கு. எனக்கு இருபதுன்னு தெரியலையே."

"பின்ன எத்தினி?"

"தெரியாது. எண்ணலையே."

"ரெண்டு பேரும் ஒரே வேன்ல வர்றீங்க, ஒரே டப்பாவுல துன்றீங்க. நீ எப்படி எழுதுவ?"

அவள் கோபப்படவில்லை. எனக்கு அதுவே கோபம். "மூணு நாள் குடுங்கக்கா. எண்ணித் தரேன். எண்ணாத எதுலயும் நான் கையெழுத்து போட்டதில்ல. விளக்கு எரியாத கட்டுக்கு சீல் வச்சிருக்கேனா?"

வைத்ததில்லை. அதை நான் மறுக்க முடியாது. ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. மாசக் கடைசியில் லாரி வாசலில் ஹாரன் அடிக்க, மேனேஜர் பக்கத்தில் நின்று கையைப் பிசைய, அப்போதும் அவள் ஒவ்வொரு விளக்காகத்தான் பார்ப்பாள். நான் அவளை எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதையும் எண்ணியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கினாள். தொடங்கினாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. கையில் பேப்பர் இல்லை, பேனா இல்லை. வழக்கம்போல வயரை மாட்டுகிறாள், கழற்றுகிறாள். ஏமாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஏதோ குறித்து உள்ளே வைத்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தபிறகுதான் புரிந்தது. அவள் போட்டிருந்த யூனிபார்ம் கோட்டின் இடது பையில் ஒரு பிடி பிளாஸ்டிக் மூடி. கனெக்டரில் காலி ஓட்டையை அடைக்கிற சின்ன மூடி அது. ஒன்பதாம் சீட்டு எழுந்து போனால் ஒரு மூடி இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். அரை மணி ஆனதும் வலது பையில் உள்ளதை எண்ணித் தாளில் குச்சி போடுவாள். நாலு குச்சியை நிற்கவைத்து, ஐந்தாவதைக் குறுக்கே போடுவாள். அன்றைக்கு அவள் போர்டில் ஒரு கட்டுகூடப் பின்தங்கவில்லை. நான் சரிபார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் சரிபார்த்தேன்.

அவளை நம்பாததால் நானும் தனியாக எண்ணினேன். எனக்குத் தெரிந்தது கேட் நோட்டுதான். செக்யூரிட்டி லீவு போடும் நாளில் கேட்டில் உட்கார்ந்து யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதே மாதிரி ஒரு நோட்டில் எழுதினேன். சாயங்காலம் கூட்டினால் பத்தொன்பது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இருபது என்றேன், பத்தொன்பது. ஒன்றுதான் தப்பு.

அவள் தாளில் ஒன்பது.

"பாத்தியா," என்றேன். "நான் சொல்லல? சிநேகிதின்னு பத்த அமுக்கிட்ட."

"உங்க நோட்டைக் காட்டுங்க."

காட்டினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நோட்டாலேயே அடித்திருப்பேன்.

"பத்து மணி இருவது, அவுட். பத்து இருவத்திரண்டு, இன். இது எத்தனை தடவைக்கா?"

நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன்.

கேட் நோட்டில் போனதும் ஒரு வரி, வந்ததும் ஒரு வரி. அந்தப் பழக்கத்தில் அவள் எழுந்து போனதற்கு ஒன்று, திரும்பி வந்ததற்கு ஒன்று என்று போட்டிருந்தேன். பாவம், வந்து உட்கார்ந்ததும் குற்றம் ஆகிவிட்டது. பதினெட்டில் பாதி ஒன்பது. மீதி ஒன்று?

"நாலு மணி பத்துல எழுந்து நின்னா. நான் பாத்தேன்," என்றேன்.

"கோட்டு ஸ்டூல்ல மாட்டிக்கிச்சு. எழுந்து இழுத்துவிட்டுட்டு உக்காந்தா. அது போறதா?"

"எழுந்தா இல்ல?"

"எழுந்தா. போகல. நாம எதை எண்ணுறோம்னு முதல்ல பேசிக்கணும்கா. இல்லன்னா நீங்க ஒன்னு எண்ணுவீங்க, நான் ஒன்னு எண்ணுவேன், கடைசியில அவதான் போவா." கீழே குனிந்து தரையைக் காட்டினாள். "ரெண்டு காலும் மஞ்சக் கோட்டுக்கு வெளிய போனா ஒரு குச்சி. ஒத்தக் கால் போனா இல்ல. திரும்பி வந்தா இல்ல. டீ டைம், சாப்பாட்டு டைம் சேத்தி இல்ல. சரியா?"

எட்டாவது வரை படித்தவள் நான். அவளும் பன்னிரண்டோடு நிறுத்தியவள்தான். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. டெஸ்ட் போர்டில் நின்று நின்று, எது தப்பு, எது தப்பில்லை என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ளாவிட்டால் காலை ஷிப்டு தள்ளுகிற கட்டை மாலை ஷிப்டு பாஸ் போட்டுவிடும் என்று அவளாகவே தெரிந்துகொண்டது. மனுஷர்களுக்கும் அதையே வைத்தாள்.

இன்னொன்றும் செய்திருந்தாள். எட்டாம் சீட்டையும் பத்தாம் சீட்டையும்கூட எண்ணியிருந்தாள். எட்டுக்கு மூன்று, பத்துக்கு நான்கு.

"அவங்கள யாரு எண்ணச் சொன்னா?"

"ஒருத்தியை மட்டும் எண்ணினா அது குத்தம் தேடுறதுக்கா."

சிநேகிதியைக் காப்பாற்ற நினைத்திருந்தால் அந்த மூன்றையும் நான்கையும் அவள் எழுதியே இருக்க மாட்டாள். மற்றவர்களைவிட ஒன்பதாம் சீட்டு இரண்டு மடங்குக்கு மேல் எழுந்து போகிறாள் என்று அவள் தாளே சொன்னது. என் இருபது பொய். ஆனால் என் சந்தேகம் முழுப் பொய் இல்லை என்பதையும் அவள்தான் எழுதிக் காட்டினாள். அன்று நான் ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் கால் வெளியே தொங்க வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "எப்பப் பாத்தாலும் கத்திகினே கீற" என்பார். எப்பப் பார்த்தாலும் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னொரு தடவை கத்துவேன். எப்போது பார்த்தாய், எத்தனை தடவை பார்த்தாய் என்று கேட்பேன். அதே வார்த்தையைத்தான் நான் ஒருத்தியின் பிழைப்பின்மேல் வீசியிருந்தேன்.

புதன்கிழமை இருவரும் மஞ்சள் கோட்டு விதிப்படி எண்ணினோம். அவளுக்குப் பதினொன்று. எனக்கும் பதினொன்று. நடுவில் நாற்பது நிமிஷம் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் கைவேலை மட்டும் நடந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் ஒன்பதாம் சீட்டு ஒரு தடவைகூட எழவில்லை. 'இருட்டில் எங்கே போவாள்' என்று நான் நினைத்தேன். டெஸ்ட் போர்டுக்காரி எதையும் நினைக்கவில்லை. கரண்ட் போன நேரம், வந்த நேரம், அதற்குள் சைபர் என்று எழுதினாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் விஷயம் வெளியே வந்துவிட்டது. பத்தாம் சீட்டு வாயில் எதுவும் நிற்காது. ஒன்பதாம் சீட்டு டிபன் டப்பாவை மூடிக்கொண்டு நேராக டெஸ்ட் போர்டுக்காரி முன்னால் வந்து நின்றாள். நான் அடுத்த பெஞ்சில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீயாக்கா என்னை எண்ணிகினு கீற?"

"ஆமா. நான்தான்."

"லீடரக்கா எண்ணுனா சரி. அதுக்கு என்னைக் கண்டாலே ஆவாது. நீயுமா?"

நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"எத்தினி போட்ட?"

"நேத்து ஒம்போது. இன்னிக்கு இதுவரைக்கும் ஆறு."

"கொறச்சிப் போட்டா இன்னா, கை தேஞ்சிடுமா?"

"கொறச்சிப் போட்டா அந்தப் பேப்பரை யாரும் நம்ப மாட்டாங்க. நாளைக்கு உனக்கு நல்லதா ஒன்னு அதுல வந்தா, அதையும் நம்ப மாட்டாங்க."

"நல்லது இன்னா வரப்போவுது. வேலை போனா நீயா வந்து எங்க ஊட்ல ஒல வைப்ப?"

 டெஸ்ட் போர்டுக்காரியின் டப்பாவில் இருந்த வெண்டைக்காய் பாதி அப்படியே இருந்தது. இரண்டு பேருக்கு எடுத்து வந்தது. மூடி வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். அன்று மாலை வேனில் ஒன்பதாம் சீட்டு முன்னால் டிரைவருக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்தாளாம். அடுத்த நாள் காலையில் டெஸ்ட் போர்டுக்காரியின் கண் வீங்கியிருந்தது. ஆனால் இடது பையில் மூடிகள் இருந்தன.

அன்றைக்கு நான் ஒன்று எதிர்பார்த்தேன். எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. வேலை போகும் என்பதும் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பெண் ஸ்டூலில் பசை போட்டதுபோல உட்கார்ந்திருப்பாள், சனியன் பிடித்த எண்ணிக்கை ஒன்று, இரண்டில் முடியும், நான் பைத்தியக்காரி ஆவேன் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் எட்டு ஆகிவிட்டது.

அங்கேதான் எனக்கு முதல் தடவையாக உறைத்தது. வேலை போகும் என்று தெரிந்தும் எழுந்து போகிறாள் என்றால் அது அரட்டைக்காக இருக்க முடியாது. அரட்டைக்காக யாரும் பிழைப்பை விட மாட்டார்கள். மூன்று மணி டீயின்போது டெஸ்ட் போர்டுக்காரியின் தாளை வாங்கி ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை கடைசிக் கூட்டலை மட்டுமே பார்த்திருந்தேன். அரை மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் குச்சிகள். பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'கையில் என்ன'. அதில் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. கட்டு. கட்டு. கட்டு. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் 'ஒன்றும் இல்லை'.

"எங்க போறான்னு எழுதலையே?"

"பெட்டிக்குப் பின்னால போறா. அங்க என்ன பண்றான்னு இங்கேர்ந்து தெரியாது. தெரியாததை எப்படி எழுதுறது? கையில எடுத்துக்கிட்டுப் போறது தெரியுது. அதை எழுதினேன்."

நான் நேரத்தைப் பார்த்தேன். மூன்று நாளும் குச்சிகள் எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கவில்லை. பத்திலிருந்து பதினொன்றரை வரை கும்பல். முந்தைய இரண்டு நாளும் மூன்றரையிலிருந்து நாலரை வரை கும்பல். மற்ற நேரம் ஏறக்குறைய வெறும் தாள். அந்த நேரங்களின் அர்த்தம் டெஸ்ட் போர்டுக்காரிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் மெஷின் அட்டவணையைப் போடுவதே நான்தான். வயர் முனையில் பித்தளைத் தலையைக் கடிக்கிற இரண்டு பிரஸ் மெஷின்களும் ஓடுகிற நேரம் அது. அவை நிற்பது ஒன்பதாம் சீட்டுக்கு வலது கைப்பக்கம், நாலு எட்டு தூரத்தில். கரண்ட் போன நாற்பது நிமிஷம் ஏன் சைபர் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

மூன்றரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் அவள் எழுந்தாள். இரண்டு காலும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே. நான் பின்னாலேயே போனேன்.

அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், ஸ்டோர் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். போன் இல்லை, ஸ்டோர்காரனும் இல்லை. கையில் ஒரு சின்ன வயர் கட்டு. கனெக்டரை வலது காதோடு ஒட்டி வைத்து, கட்டைவிரலால் ஒரு வயரைத் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த வயர். அந்தப் பெட்டிகளுக்கு இப்பால் மெஷின் சத்தம் பாதிதான் வருகிறது என்று பதினாறு வருஷமாக அங்கே வேலை செய்கிற எனக்குத் தெரியாது.

"இன்னாடி பண்ற இங்க?"

துள்ளி விழுந்தாள். வயர் கட்டை யூனிபார்ம் கோட்டுக்குப் பின்னால் மறைத்தாள். "ஒன்னும் இல்லக்கா."

"கைல இன்னா?"

"டிக்குன்றது அங்க கேக்கலக்கா. மிஷின் ஓடுச்சுன்னா கேக்கவே மாட்டேங்குது."

"எவளுக்குதான் கேக்குது? எல்லாரும் அமுக்கிட்டு, இழுத்துப் பாத்துட்டுப் போவல? உனக்கு மட்டும் இன்னா தனியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கேளுன்னு போர்டுல போட்டு கீதேக்கா."

  அந்தப் போர்டை மாட்டச் சொன்னது நான். மெஷின் ஓடும்போது பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் அந்தச் சத்தத்தைக் கேட்பதில்லை. கை பழகிவிட்டது, போதும் என்று விட்டுவிட்டோம். நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது கேட்டதில்லை. மூன்று வார்த்தையில் நடுவில் இருக்கிற வார்த்தையை நாங்கள் எல்லாரும் முழுங்கிவிட்டோம். முழுங்காதவளைத்தான் நான் வெளியே அனுப்ப எழுதிக்கொடுத்தேன்.

பிறகு அவளே மெல்லச் சொன்னாள். இடது காது சின்ன வயதில் சீழ் பிடித்தது. அதிலிருந்து சரியாகக் கேட்காது. வலது காது நன்றாக இருக்கிறது. ஆனால் மெஷின் வலது பக்கம்.

"சேரும்போது ஏன் சொல்லல?"

"சொன்னா எடுத்திருப்பாங்களாக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிடாதீங்கக்கா. நீங்க இன்னா வேணா எழுதிக்குங்க. காத மட்டும் சொல்லிடாதீங்க."

அன்றைக்கு மொத்தம் பன்னிரண்டு. எனக்கும் பன்னிரண்டு, டெஸ்ட் போர்டுக்காரிக்கும் பன்னிரண்டு. ஷிப்டு முடிந்து நானும் அவளும் போர்டு பக்கத்தில் நின்றோம். காது விஷயத்தை அவளிடம் சொன்னேன். 

"வேன்ல எப்பவும் இடது ஜன்னல்தான் வேணும்பா. என்னை வலது பக்கம் உக்காரச் சொல்லுவா. காத்துக்காகன்னு நெனச்சேன்," என்றாள். ஏழு வருஷம் ஒரு விளக்கையும் தவறவிடாதவள், பக்கத்தில் இருந்த இதைத் தவறவிட்டது அவளுக்குப் பெரிய அடி. முகத்தில் தெரிந்தது.

"இப்ப இன்னா எழுதறது?" என்றேன். "பன்னெண்டுன்னு எழுதினா அனுப்பிடுவான். காரணம் எழுதினா காத எழுதணும். அதுக்கும் அனுப்பிடுவான். பேசாம நாலுன்னு எழுதிடலாமா?"

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று நாள் முன்னால் இருபது என்றேன். இப்போது நாலு என்கிறேன். இரண்டும் என் வாய்க்கு வந்த நம்பர்.

அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். "காதை நாம எண்ணலையேக்கா. நாம பார்த்தது என்ன? இன்னிக்குப் பன்னெண்டு. அதுல பத்து பிரஸ் மெஷின் ஓடுற நேரத்துல. பத்துலயும் கையில கட்டு. மெஷின் இல்லாத நேரத்துல ரெண்டு, பக்கத்து சீட்டைவிடக் கம்மி. நேத்து கரண்ட் போனப்ப சைபர். அவ்வளவையும் எழுதுங்க. அதுக்கு மேல எழுதாதீங்க. நான் கையெழுத்து போடுறேன்."

எழுதினேன். போட்டாள். ஒரு எழுத்து பொய் இல்லை, அவள் காதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு தடவையா? அதிகம்தானே இது?"

"அதிகம்தான் சார்."

"பின்ன? நீங்கதானே இருபதுன்னு சொன்னீங்க. அனுப்பிடலாம்ல?"

"நான் எண்ணாம சொன்னேன் சார்." இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். "நேரத்தைப் பாருங்க. மிஷின் ஓடினா போறா, நின்னா போறதில்ல. சத்தத்துல டிக்குன்னு கேக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் கட்ட எடுத்துகினு அந்தாண்ட போறா. கேக்காம அமுக்கறவள வச்சிகினு, கேக்கறவள அனுப்பிச்சீங்கன்னா கஸ்டமர் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? சீட்ட மாத்தறேன். செவுத்தோரம் ரெண்டாம் சீட்டுல போடறேன். மூணு நாள் எண்ணறோம். அப்பவும் எழுந்து போனான்னா நீங்க சொன்ன மாதிரி செய்யுங்க."

"சீட் மாத்தினா அவுட்புட் குறையும்."

"கொறைஞ்சா என்னைக் கேளுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "புதன்கிழமை வரைக்கும் பாருங்க" என்றார்.

திங்கள் காலையில் அவளை இரண்டாம் சீட்டில் உட்காரவைத்தேன். வலது பக்கம் சுவர். இரண்டாம் சீட்டுக்காரி ஒன்பதுக்கு வர மாட்டேன் என்று முணுமுணுத்தாள். அதை ஒரு கத்தலில் முடித்தேன். டெஸ்ட் போர்டுக்காரி இடது பையை நிரப்பிக்கொண்டாள். நான் இந்த முறை அவளைச் சரிபார்க்க எண்ணவில்லை. பயத்தில் எண்ணினேன். பிரஸ் மெஷின் ஓடத் தொடங்கியதும் என் கண் இரண்டாம் சீட்டின் காலடிக் கோட்டை விட்டு நகரவில்லை. ஒரு தடவை ஸ்டூலை நகர்த்தினாள். கால் கோட்டைத் தாண்டியது. ஒற்றைக் கால்தான். பின் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

திங்கள் மூன்று. செவ்வாய் இரண்டு. புதன் மூன்று.

நான் அந்தத் தாளை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரமே இன்னொரு வேலையும் செய்தேன். மெஷின் ஓடும் நேரத்தில் அதன் பக்கத்து சீட்டுகளுக்கு டேப் சுற்றுகிற வேலையை மட்டும் கொடுக்கிற மாதிரி அட்டவணையை மாற்றினேன். தள்ளு, கேள், இழு என்பதில் கேட்பது எல்லாருக்கும் திரும்பி வந்தது. இது எனக்குப் பதினாறு வருஷத்துக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

டெஸ்ட் போர்டுக்காரியிடம் ஒரு நாள் கேட்டேன். "அந்த மூணு நாள்ல நான் எத்தினி தடவ கத்தினேன், அதையும் எண்ணியிருப்பியே?"

"இல்லக்கா. யாரும் கேக்கலையே." வயரை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எண்ணணும்னா சொல்லுங்க. ஆனா கத்துறதுன்னா என்னன்னு முதல்ல பேசிக்கணும். நீங்க பேசுறதே அப்படித்தான் இருக்கு."

பத்தாம் சீட்டு சிரித்துவிட்டாள். அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

சனிக்கிழமை மாலை மேனேஜர் லைனுக்கு வந்து லிஸ்டைப் படித்தார். பிரஸ் மெஷின் அன்று நிற்கவில்லை. அவர் இரண்டாம் சீட்டுக்கு இடது பக்கமாக நின்றார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஐந்தாவதாக அவள் பெயர் வந்தது. ஆறு மாசத்துக்கு இருக்கிறாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெயர் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தபோது, லைனின் கடைசியிலிருந்து டெஸ்ட் போர்டுக்காரி நடந்து வந்துவிட்டாள். பத்து நாளாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நேராக வந்து, சுவருக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் நுழைந்து, அவளுடைய வலது பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சடாரென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. மேனேஜர் படித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் இப்போது பர்மனென்ட். காதைப் பற்றி ஆபீஸிலும் அவளே சொல்லிவிட்டாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுக்கா, பேர் போடாத" என்றாள். இரண்டாம் சீட்டில்தான் இருக்கிறாள். வேனில் மறுபடியும் இடது ஜன்னல். அவளை நான் திட்டாமல் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். லேட்டாக வந்தால் திட்டுகிறேன். டேப்பை வீணாக்கினால் திட்டுகிறேன். வலது பக்கம் இடமே இல்லை, சுவர் இடிக்கிறது. இருந்தாலும் அந்தச் சந்தில் நுழைந்து நின்றுதான் திட்டுகிறேன்.